நெற்றிப்பட்டியைக் கழுவியவன்

எங்கள் தொழிலில் எச்சில் ஒரு முறையான கரைசல். இதைச் சொன்னால் பழக வருகிற பிள்ளைகள் முதலில் சிரிப்பார்கள். மூங்கில் குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றி, நாக்கில் ஒற்றி, ஒரு சட்டைப் பொத்தானளவு இடத்தில் மெல்ல உருட்டினால், தண்ணீருக்கும் மதுசாரத்துக்கும் அசையாத எண்ணெய்ப் படை கழன்று வரும். வாயின் சூடும் எச்சிலில் உள்ள நொதியங்களும் சேர்ந்து செய்கிற வேலை அது. அருங்காட்சியகங்களில் பெரிய பெரிய ஓவியங்களைக்கூட இப்படித் துடைத்திருக்கிறோம். கோப்பி குடித்த வாயால் செய்யக்கூடாது என்பதுதான் கட்டுப்பாடு.

சென்ற மாசியில், நான் வேலை பார்த்த அருங்காட்சியக ஆய்வுகூடத்தில் என் இடத்துக்கு வந்த எமிலி என்ற பெண், ஐந்தாறு மாணவர்களைக் கூட்டி வைத்து, உங்கள் காலத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசுங்கள் என்று என்னைக் கூப்பிட்டாள். போனேன். இப்போது அங்கே நடைமுறை மாறிவிட்டது. ஒரு பொருளைத் துடைப்பதற்கு முன் அது எந்த ஊரிலிருந்து வந்ததோ அந்த ஊர்க்காரரைக் கேட்கிறார்கள். கடிதம் எழுதி, மறுமொழி வருகிறவரை பொருள் இழுப்பறையில் கிடக்கிறது. மாதக்கணக்கில் கிடந்தாலும் ஒருவரும் அவசரப்படுவதில்லை.

எச்சில் கதையைச் சொன்னேன், சிரித்தார்கள். பிறகு ஒரு மாணவன் கேட்டான்: "கழுவியிருக்கக்கூடாத எதையாவது நீங்கள் கழுவியிருக்கிறீர்களா?"

என் முதலாவது வருஷத்தில் ஒரு பித்தளை மணியின் மேற்பூச்சை ஊத்தை என்று நினைத்து முழுதாக உரித்தெடுத்த கதையைச் சொன்னேன். அதற்கும் சிரித்தார்கள். கை தட்டினார்கள். எமிலி மேப்பிள் பாகு ஒரு போத்தல் பரிசாகத் தந்தாள். அதை மடியில் வைத்துக்கொண்டு மெட்ரோவில் வீடு திரும்பும்போது, கேட்ட கேள்விக்கு நான் மறுமொழி சொல்லவில்லை என்பது மட்டும் நெஞ்சுக்குள் நின்றது. மறுமொழியை இங்கே எழுதுகிறேன்.

நான் தொழிலுக்கு வந்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படிப்பித்துக்கொண்டிருந்தவன் நான். எண்பதுகளின் நடுவில் அகதியாக மொன்றியலுக்கு வந்து, இரண்டு வருஷம் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவி, பிறகு ஒரு அருங்காட்சியகத்தில் பெட்டி அடுக்குகிற வேலைக்குப் போனேன். பெட்டிகளுக்குள் ஈரத்தை உறிஞ்சுவதற்காகப் போடுகிற நீல மணிகள் ஒருநாள் இளஞ்சிவப்பாக மாறியிருந்தன. ஏன் மாறின என்று அரைகுறைப் பிரெஞ்சில் விளக்கினேன். அதைக் கேட்டுக்கொண்டு நின்ற ஆய்வுகூடத் தலைவி மதாம் ழினெத், அடுத்த கிழமையே என்னைத் தன் பகுதிக்கு எடுத்துக்கொண்டார். நாலு வருஷம் மாலை வகுப்புகளுக்குப் போய்த் தொழிலைப் படித்தேன்.

மதாம் உயரம் குறைந்த, எலும்பான பெண். எந்தப் பொருளின் முன்னாலும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பார். புதிதாக ஒன்று மேசைக்கு வந்தால், பத்து நிமிஷம் நாங்களும் அப்படி நிற்க வேண்டும். பிறகு வரைய வேண்டும். படம் பிடித்தாலும் வரைய வேண்டும். "கமரா எல்லாவற்றையும் பார்க்கும், எதையும் கவனிக்காது" என்பார். வரைந்து, நிலைத்தாள் என்று நாங்கள் சொல்லும் படிவத்தை நிரப்பிய பிறகுதான் தொடலாம். அந்தத் தாளில் அழுக்கு என்ற சொல்லை எழுத விடமாட்டார்.

"அழுக்கு என்பது உங்கள் அபிப்பிராயம், மிஸ்யூ சிவா. நிறத்தை எழுதுங்கள். இடத்தை எழுதுங்கள். எவ்வளவு தடிப்பு என்று எழுதுங்கள்."

இன்னொரு விதியும் உண்டு. எதையாவது துடைத்தெடுத்தால் முதலாவது பஞ்சை எறியக்கூடாது. ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு மூடி, பொருளின் இலக்கத்தை ஒட்டி வைக்க வேண்டும். எடுத்ததைத் திரும்பப் பூச முடியாது, எடுத்தது என்ன என்றாவது நாளைக்கு ஒருவருக்குத் தெரியட்டும் என்பது அவருடைய நியாயம்.

மதாம் சத்தம் போட்டதை நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகக் கதைப்பார். ஒருமுறை ஒரு பெடியன் கேட்காமல் ஒரு மண்குடத்தின் உடைந்த விளிம்பைப் பசை போட்டு ஒட்டிவிட்டான். அருமையான ஒட்டு. மதாம் கையைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் அதைப் பார்த்தார். "நல்ல கை. ஆனால் இங்கே வேண்டாம்" என்றார். மத்தியானம் அவனுடைய மேசை வெறுமையாக இருந்தது.

இனி அந்தப் பொருள்.

பசிபிக் சமுத்திரத்தில், அவுஸ்திரேலியாவுக்கு வடகிழக்கே, மெலனீசியா என்று சொல்லுகிற தீவுகளில் ஒரு சின்னத் தீவிலிருந்து வந்த நெற்றிப்பட்டி அது. இரண்டாம் உலகச் சண்டைக்கு முன்னம் ஒரு கப்பல் வியாபாரி கொண்டுவந்தது. நாலு விரல் அகலத்தில் நாரால் நெய்த பட்டி. அதன் மேல் ஐந்து வரிசையில் வெள்ளைச் சிப்பிகள். சுண்டுவிரல் நகத்தில் பாதியளவான கடல் நத்தைகளின் ஓடுகளை எடுத்து, முதுகைத் தட்டித் தட்டையாக்கி, மீன் செதில்போல ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கத் தைத்திருந்தார்கள். இரண்டு முனையிலும் பின்னந்தலையில் கட்டுகிற கயிறு. வெளிப்பக்கம் இலேசான தூசி மட்டும். உட்பக்கத்தில், நெற்றியில் படுகிற இடம் முழுவதும், சாம்பல் நிறத்தில் நகத் தடிப்புக்கு ஒரு படை காய்ந்திருந்தது.

பக்கத்து நகரமான லவாலுக்கு மெட்ரோ வருவதற்கு மூன்று நாலு வருஷத்துக்கு முன்னம், இரண்டாயிரத்து மூன்றில் ஒரு ஐப்பசி மாதம் அது. அந்தத் தீவிலிருந்து ஒரு மூதாட்டி, தேவாலயப் பெண்களின் மாநாடு ஒன்றுக்கு மொன்றியல் வருவதாகவும், தன் குடும்பத்துப் பட்டி எங்களிடம் இருக்கலாம் என்று நினைப்பதால் பார்க்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். அடுத்த கிழமை வருவதாக இருந்தது. ஒரு புதன்கிழமை காலை, நாளைக்கே வருகிறேன் என்று மின்னஞ்சல் வந்தது. மதாம் கியூபெக் நகரத்தில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். வியாழன் மத்தியானம்தான் திரும்புவார்.

நான் பட்டியை எடுத்து மேசையில் வைத்தேன். பத்து நிமிஷம் பார்த்தேன். வரைந்தேன். பெரிதாக்கிக் காட்டும் விளக்கின் கீழ், அந்தச் சாம்பல் படையில் நீளவாட்டில் மூன்று கோடுகள் இருப்பது தெரிந்தது. யாரோ மூன்று விரல்களால் இழுத்த தடம். ஒரு விரலின் ரேகைகூட ஓரிடத்தில் பதிந்திருந்தது. அதையும் வரைந்தேன். நிறம் எழுதினேன், இடம் எழுதினேன், தடிப்பு எழுதினேன். மதாம் சொன்ன எல்லாவற்றையும் அதுவரைக்கும் செய்தேன்.

பிறகு யோசனை வேறு பக்கம் போனது. வீட்டுக்கு ஆட்கள் வரப்போகிறார்கள் என்று தெரிந்தால் என் அம்மா குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பா. படங்களின் பின்பக்கத்தையும் துடைப்பா. வருகிறவர்கள் திருப்பியா பார்க்கப் போகினம் என்று கேட்டால், பார்த்தால் என்ன செய்வாய் என்பா. அன்றைக்கு எனக்குள் ஓடியது அந்த யோசனைதான். அவர்களுடைய மனிதர் ஒருவரின் தலையில் இருந்த பொருளை இத்தனை வருஷம் வைத்திருந்துவிட்டு, ஊத்தையோடா கையில் கொடுப்பது? வருகிற மனுசி திருப்பிப் பார்த்தால் எங்களைப் பற்றி என்ன நினைப்பா? மதாம் எழுதக்கூடாது என்று சொன்ன சொல்லை நான் எழுதவில்லை. மனதுக்குள் சொல்லிவிட்டேன்.

தண்ணீருக்கு அது அசையவில்லை. களிமண்ணோடு ஏதோ எண்ணெய் கலந்திருந்தது. எச்சிலுக்கு அசைந்தது. முதல் பஞ்சைக் குப்பியில் போட்டு இலக்கம் எழுதினேன். அந்தப் பழக்கம் மட்டும் கையை விட்டுப் போகவில்லை.

பாதி வேலையில் சவரிமுத்து அண்ணை வந்தார். மன்னார்க்காரர். எங்கள் கட்டடத்துக் காவலாளி. என்னைவிட ஐந்து வயது மூப்பு. கதவுகளைப் பார்த்துக்கொண்டு போகிற போக்கில் ஆய்வுகூடத்தில் நின்று பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி குடிப்பார்.

"என்ன மாஸ்ரர், துப்பித் துப்பித் தேய்க்கிறீர்? துப்பலுக்கும் சேத்தே சம்பளம் தாறாங்கள்?"

"விசர்க்கதை கதையாதேங்கோ அண்ணை. நாளைக்கு இதின்ரை சொந்தக்காரர் வருகினம்."

குனிந்து பார்த்தார். "உது ஊத்தை மாதிரித் தெரியேல்லை, மாஸ்ரர். ஆரோ பூசின மாதிரிக் கிடக்கு. சாம்பல் புதனுக்கு எங்கடை பங்குச் சுவாமி நெத்தியிலை பூசுவாரெல்லே, அப்பிடி."

"அப்ப உங்கடை சுவாமியைக் கூட்டிக்கொண்டு வாங்கோவன். அவர் வந்து அழிக்கட்டும்."

"அவர் பூசத்தான் வருவார். அழிக்கிறது அவரவர் பாடு." சிரித்துக்கொண்டு போனார்.

நானும் சிரித்தேன். நெற்றியில் திருநீறு பூசி வளர்ந்தவன் நான். ஒரு மன்னார்க் கத்தோலிக்கர் ஒரு பார்வையில் கண்டதை, மூன்று விரல் தடத்தையும் கையால் வரைந்த நான் காண மறுத்தேன். மூன்று மணித்தியாலத்தில் உட்பக்கம் புது நார்போலத் துலங்கியது. கடைசியாகத்தான் அந்த விரல் ரேகை இருந்த இடத்தைத் துடைத்தேன். கை ஒரு கணம் தயங்கியது. பிறகு உருட்டியது.

வியாழன் மதாம் கோட்டைக் கழற்ற முன்னரே மேசைக்கு வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"வெளிச்சமாக இருக்கிறது" என்றார், மிக மெதுவாக.

"தூசி தட்டினேன்" என்றேன்.

"நிலைத்தாள்?"

"படி எடுத்துத் தருகிறேன்."

என் மேசைக்குப் போனேன். மூத்த அலுவலராக என்னை நிரந்தரமாக்கும் கடிதம் அந்த மாதம் மதாமின் கையெழுத்துக்குக் காத்திருந்தது. மண்குடத்தை ஒட்டியவனின் வெறும் மேசை ஞாபகத்துக்கு வந்தது. புதுத் தாள் ஒன்றை எடுத்தேன். வெளிப்பக்கத்தை அப்படியே திரும்ப வரைந்தேன். உட்பக்கம் என்ற இடத்தில், "படிவு எதுவும் இல்லை" என்று எழுதினேன். பழைய தாளை நாலாகக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்தேன். குப்பியையும் வைத்தேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. படையைக் கழுவியது அறியாமை என்று ஒருவர் எனக்காகச் சொல்லலாம். இந்தப் பத்து நிமிஷத்துக்கு அப்படிச் சொல்ல ஒருவராலும் முடியாது.

இரண்டு மணிக்கு அந்த மூதாட்டி வந்தார். பெயர் ரூத். எழுபது வயதிருக்கும். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. யாரோ இரவல் கொடுத்த பெரிய குளிர்க்கோட்டுக்குள் சின்னதாக நின்றார். சவரி அண்ணைதான் மேலே கூட்டிவந்தார். விதிப்படி அவரும் அறையில் நின்றார்.

நான் கையுறையை நீட்டினேன். ரூத் அதைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் கேட்டார்: "என் மாமா எழுபது வருஷமாகக் காத்திருக்கிறார். அவருக்குக் கை கொடுக்க நான் உறை போட வேண்டுமா?"

மதாம் சற்று யோசித்தார். "வேண்டாம்" என்றார். அவர் அப்படிச் சொன்னதை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.

ரூத் பட்டியை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தினார். நாலாவது வரிசையின் வலது முனையைத் தேடினார். அங்கே ஒரே ஒரு சிப்பி மற்றவைக்கு எதிராகக் குப்புறத் தைக்கப்பட்டிருந்தது. நான் அதைத் தையல் பிழை என்று எழுதியிருந்தேன்.

"இது அம்மா தைத்தது" என்றார். "தன் தமையனுக்கு. அடையாளத்துக்காக ஒன்றைக் குப்புறப் போட்டேன் என்று சாகும்வரை சொன்னா."

பிறகு எங்களுக்கு விளக்கினார். பக்கத்துத் தீவில் வேறு மாதிரி இருக்கலாம், எங்கள் ஊர் வழக்கம் இது என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்கினார். ஊருக்குச் சோறு போட்டவன்தான் இதைக் கட்டலாம். தனக்காகச் சேர்த்தவன் எவ்வளவு சேர்த்தாலும் கட்ட முடியாது. இது நெற்றியில் இருக்கும்போது அவன் குரலை உயர்த்தக்கூடாது. இரண்டு பகுதி சண்டைக்கு நின்றால் இதைக் கட்டிக்கொண்டு நடுவில் போய் நிற்பான், அவனை ஒருவரும் தொடமாட்டார்கள். அவன் செத்தால் பட்டி அவனுடைய சகோதரியிடம் போகும். அவள் தேங்காயெண்ணெயில் குழைத்த களியை உட்பக்கத்தில், அவன் நெற்றி பட்ட இடத்தில் பூசி, வீட்டு முகட்டில் கட்டி வைப்பாள். அது இருக்கிறவரை துக்கம். வருஷங்கள் கழித்து, பன்றியும் கிழங்கும் சேர்ந்த பிறகு, பெரிய விருந்து வைத்து அவள்தான் அந்தக் களியைக் கழுவ வேண்டும். கழுவும்போது தன் பெயரையும் தன்னைப் பெற்ற தாயின் பெயரையும் சத்தமாகச் சொல்ல வேண்டும், யாருடைய கை தன்னைக் கழுவுகிறது என்று செத்தவன் தெரிந்துகொள்வதற்காக. அதோடு துக்கம் முடியும். பட்டி அடுத்த ஆணுக்குப் போகும்.

"மாமாவுக்கு அந்த விருந்து நடக்கவில்லை" என்றார் ரூத். "அம்மா தோட்டத்துக்குப் போயிருந்த நேரம் கப்பல்காரன் முகட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போனான், களியோடு. அம்மா அப்படித்தான் சொன்னா. என் சித்தியின் பிள்ளைகள் வேறு சொல்லுகிறார்கள். விருந்து வைக்கச் சோம்பல்பட்டு, ஒருவருக்கும் தெரியாமல் கழுவி, இரும்புக் கோடரிக்கு வியாபாரியிடம் கொடுத்தாள் என்று. தமையனை விற்றவள் என்றுதான் அம்மாவை அடக்கம் செய்யும்போதும் பேசினார்கள். எங்கள் பகுதியில் அதற்குப் பிறகு ஒரு ஆணும் பட்டி கட்டவில்லை. அதனால்தான் வந்தேன். திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும்."

திருப்பினார்.

பட்டியை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தார். "இதில் ஏதாவது இருந்ததா? இங்கே யாராவது எடுத்தார்களா?" என்று கேட்டார்.

மதாம் என் கையிலிருந்த தாளை வாங்கிப் படித்தார். "இல்லை. படிவு எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறது. மிஸ்யூ சிவா மிகக் கவனமானவர்."

ரூத் என்னைப் பார்த்தார். நான் பட்டியின் குப்புறச் சிப்பியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கதவடியில் சவரி அண்ணை சப்பாத்துக் காலை மாற்றி மாற்றி வைத்த சத்தம் கேட்டது.

"அப்போ அம்மாதான்" என்றார் ரூத். பட்டியைத் துணியில் வைத்து, அதன் கயிறுகளை நேராக்கினார். "நான் போய்ச் சொல்ல வேண்டும், அவர்கள் சொன்னது சரி என்று. நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குப் படிப்பித்துவிட்டு இதில் பொய் சொல்ல முடியாது." எங்கள் இருவருக்கும் நன்றி சொன்னார். என் கையைப் பிடித்து, "நன்றாக வைத்திருந்திருக்கிறீர்கள்" என்றார்.

சவரி அண்ணை கீழே கூட்டிப்போய் விட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது நான் மட்டும் இருந்தேன்.

"மனுசி லிப்ட்டுக்குள்ளை அழுதவ" என்றார்.

நான் பட்டியைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தேன்.

"நான் வாய் திறந்திருப்பன். உம்மடை வேலை போயிருக்கும். உம்மடை ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள் படிக்குதுகள். அதுதான் பேசாமல் நிண்டனான்."

இரண்டு கிழமை கழித்து ஒருநாள், கதவைப் பூட்டிக்கொண்டே சொன்னார்: "ஞாயித்துக்கிழமை சுவாமியிட்டைப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனனான். என்ரை பங்கைச் சொல்லிப்போட்டன். உம்மடை பங்கை நான் சொல்லேலாது." அன்றிலிருந்து அவர் என்னை மாஸ்ரர் என்று கூப்பிடவில்லை. தேத்தண்ணிக்கும் நிற்கவில்லை. கண்டால் "பொன்ஜூர்" என்பார், வெள்ளைக்காரருக்குச் சொல்வதுபோல.

நிரந்தரக் கடிதம் வந்தது. மதாம் ஓய்வுபெற்றார். லவாலுக்கு மெட்ரோ வந்த வருஷம் நானும் ஓய்வுபெற்றேன். பிரியாவிடைக் கூட்டத்தில், என் நிலைத்தாள்கள் புதியவர்களுக்கு முன்மாதிரி என்று ஒருவர் பேசினார். குப்பி வீட்டில், காலாவதியான கடவுச்சீட்டுகள் இருந்த தகரப் பெட்டிக்குள் கிடந்தது. கிழித்த தாளை என்றோ எறிந்துவிட்டேன். குப்பியை எறிய முடியவில்லை. பல தடவை குப்பைப் பை வரைக்கும் கொண்டுபோயிருக்கிறேன்.

மாணவர்களிடம் பேசிவிட்டு வந்த அடுத்த நாள் அந்தக் குப்பியை எடுத்துக்கொண்டு மதாமின் வீட்டுக்குப் போனேன். நகரத்தின் வடக்கோரம் அஹுன்ட்சிக்கில், ஆற்றுக்குப் பக்கத்தில் தனியாக இருக்கிறார். கையில் இப்போது நடுக்கம். எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்ததும் மிக மிக மெதுவாகச் சொன்னார்:

"அந்தப் பெண்ணிடம் இல்லை என்று சொன்னது என் வாய், மிஸ்யூ சிவா. என் வாயைக் கொண்டு சொல்ல வைத்தீர்கள்."

பிறகு, "முதல் பஞ்சு?" என்றார். கொடுத்தேன். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "இது களி என்று சொல்லலாம். யாருடைய களி என்று இது சொல்லாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். கிழித்த தாளைத் திரும்ப எழுதுங்கள்."

அவருடைய சமையலறை மேசையிலேயே இருந்து எழுதினேன். நிறம், இடம், தடிப்பு. மூன்று விரல் தடத்தையும் வரைந்தேன். அதை நினைவிலிருந்து வரைவதற்கு எனக்குச் சிரமமே இருக்கவில்லை. ரூத்துக்கு ஒரு கடிதமும் எழுதினேன். உங்கள் தாய் கழுவவில்லை, நான் கழுவினேன், அதுவும் என் எச்சிலால், நீங்கள் வருகிறீர்கள் என்பதற்காக என்று தொடங்கினேன். அதற்குப் பிறகு நடந்ததையும் மறைக்காமல் எழுதினேன். எமிலியிடம் எல்லாவற்றையும் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. அருங்காட்சியகத்தின் முத்திரையோடு அனுப்பி வைத்தாள். பட்டியைத் திருப்பிக் கொடுப்பதைப் பற்றியும் அவர்கள் இப்போது பேசத் தொடங்கியிருக்கிறார்கள்.

சவரி அண்ணைக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். "ஓம்" என்றார். பிறகு, "கடிதம் போய்ச் சேரட்டும். பேந்து கதைப்பம்" என்று வைத்துவிட்டார்.

ஆடி மாதம் ரூத்தின் மறுமொழி வந்தது. கோடு போட்ட அப்பியாசக் கொப்பித் தாளில், ஆசிரியைகளின் நிமிர்ந்த எழுத்து. அதில் இருந்ததை அப்படியே தமிழில் தருகிறேன்.

"உங்கள் கடிதத்தைத் தேவாலயத்துக்கு வெளியே எல்லோரும் கேட்க வாசித்தேன். சித்தியின் பிள்ளைகளும் இருந்தார்கள். வெள்ளைக்கார ஊரிலிருந்து வருகிற கடிதத்தில் எதுவும் எழுதலாம் என்று அவர்கள் சொன்னார்கள். பிறகு நீங்கள் வரைந்த படத்தைக் காட்டினேன். எங்கள் ஊரில் துக்கக் களியை முழுக் கையால் பூசுவார்கள். என் அம்மாவுக்குச் சின்ன வயதில் நெருப்புப் பட்டு இரண்டு விரல்கள் மடங்கிவிட்டன. மூன்று விரலால்தான் எதையும் செய்தா. இதை நான் உங்களிடம் சொல்லவில்லை. சித்தியின் மூத்த மகள் படத்தை வாங்கிப் பார்த்தாள். தன் மூன்று விரல்களை அந்தக் கோடுகளின் மேல் வைத்தாள்.

நான் உங்களை மன்னித்துவிட்டதாக எழுதவில்லை. பிழையைத் திருத்திய பிள்ளைக்கு நான் முழுப் புள்ளி கொடுத்ததில்லை. அம்மாவைப் பற்றிப் போய்ச் சொன்னது என் வாய். அந்த வருஷங்களை யார் தருவார்கள்?

இப்போது இங்கே வேறொரு பேச்சு. களி கழுவப்பட்டுவிட்டது. விருந்து இல்லாமல், வேறொரு கையால். அதைத் திரும்பவும் பூச முடியாது என்று மூத்தவர்கள் சொல்லுகிறார்கள். ஆகவே பட்டி வந்தாலும் வராவிட்டாலும் விருந்தை வைத்து மாமாவின் துக்கத்தை முடிக்கப் போகிறோம். அன்றைக்குக் கழுவிய கையைச் சொல்லாமல் முடிக்க முடியாது. உங்கள் பெயர் கடிதத்தில் இருக்கிறது. உங்களைப் பெற்ற தாயின் பெயரை எழுதி அனுப்புங்கள்."

அதை இரண்டாம் முறையும் வாசித்தேன். அழைப்பா, குற்றச்சாட்டா என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டும் ஒன்றாக இருக்கலாம். என் அம்மா சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் செத்தா. பாதை பூட்டியிருந்தது, நான் போகவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையைப் பக்கத்து வீட்டுப் பெடியன் ஒருவன் என் இடத்தில் இருந்து செய்தான். அவவின் பெயரை ஒரு சடங்கில் நான் வாயால் சொன்னதே கிடையாது. இப்போது, அவ கேள்விப்பட்டிராத ஒரு தீவில், இன்னொரு தாயின் பெயரைக் கெடுத்தவனைப் பெற்றவளாக அதைச் சொல்லப் போகிறார்கள். அவ அறிந்தால் என்ன சொல்லுவா என்று எனக்குத் தெரியும். வருகிறவர்கள் திருப்பிப் பார்த்தால் என்ன செய்வாய் என்று முந்தியே கேட்டவ.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். அந்த ஊரவர்கள் பிழையில்லாமல் உச்சரிக்க வேண்டும் என்பதற்காக ஆங்கில எழுத்தில், ஒவ்வொரு அசையாகப் பிரித்து, பெரிதாக எழுதினேன்: வள்ளிப்பிள்ளை.